பெயரும் வகைமையும்: ஆகஸ்ட் சாண்டரின் உருவப்பட நிலையப் பணியும் ‘இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்’ தொகுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் (1876–1964) கொலோன் நகரில் வாடிக்கையாளர்களை நம்பி உருவப்பட நிலையம் நடத்தியவர்; அதே காலத்தில் ‘இருபதாம் நூற்றாண்டின் மனிதர்கள்’ என்னும் பெருந்தொகுப்பைத் தம் சொந்த முயற்சியாக உருவாக்கியவர். இவ்விரு பணிகளையும் பிரித்துக் காண்பதே ஆய்வுலகில் பெருவழக்காக உள்ளது. ஒரே நெகட்டிவ் வாடிக்கையாளரின் படமாகவும் சமூக வகை ஒன்றின் படமாகவும் ஆன முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. படம் தொகுப்புக்குள் நுழைகையில் உரியவரின் பெயர் நீங்கியது. அந்நீக்கத்தின் பொருள் 1938ஆம் ஆண்டை ஒட்டி யூதர்களுக்காக எடுக்கப்பட்ட அடையாளப் படங்களின் வழி மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆகஸ்ட் சாண்டர், உருவப்படம், ஒளிப்பட நிலையம், சமூக வகைமை, வைமார் குடியரசு, நாஜி ஆட்சி.

முன்னுரை

ஒளிப்பட நிலையம் நடத்தியவர்களின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வாழ்நாள் உழைப்பை இரு கூறாகப் பிரிப்பது வழக்கம். திருமணம், சமயச் சடங்கு, அடையாள அட்டை ஆகியவற்றுக்காக எடுத்த படங்கள் ஒரு கூறு, அவை வயிற்றுப்பாட்டுக்கானவை. ஓய்வு நேரத்தில் தம் விருப்பத்துக்காக எடுத்தவை மற்றொரு கூறு. அவையே கலை எனப் போற்றப்படுகின்றன. சாண்டரைப் பொறுத்தவரை இப்பிரிவினை நிற்பதில்லை. அவரது பெருந்தொகுப்பில் உள்ள படங்களுள் பல, பணம் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டவர்களின் படங்கள். அவர்கள் தம் வீட்டுச் சுவருக்காகவோ உறவினருக்கு அனுப்புவதற்காகவோ படம் கேட்டனர். தாம் ‘உழவர்’ என்றோ ‘நோட்டரி’ என்றோ ஒரு நூற்றாண்டின் சான்றாக நிறுத்தப்படுவோம் என்று அவர்களுள் பெரும்பாலோர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. இக்கட்டுரை அவ்விரு பயன்களுக்கும் இடைப்பட்ட வழியையே தன் பொருளாகக் கொள்கிறது.

தொழில் பயின்ற காலம்

சாண்டர் 1876 நவம்பர் 17 அன்று, ஜெர்மனியின் சீகர்லாண்ட் பகுதியில் இரும்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஹெர்டார்ஃப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத் தச்சர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் மகனும் சுரங்கத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்குப் படமெடுக்க வந்த ஒளிப்படக்காரர் ஒருவருக்கு உதவியாளாக நின்றபோதுதான் இக்கலையில் அவருக்கு நாட்டம் பிறந்தது. உறவினர் ஒருவரின் பணவுதவியால் முதற் கேமரா கைக்கு வந்தது. டிரியர் நகரில் படைப்பணி ஆற்றியபோது உள்ளூர் ஒளிப்பட நிலையம் ஒன்றில் உதவியாளராகத் தொழில் கற்றார். பிறகு பெர்லின், மாக்டபுர்க், ஹாலே, லைப்சிக், டிரெஸ்டன் எனக் கைவினைஞர் மரபுப்படி ஊர் ஊராகச் சென்று வேலை பார்த்தார்.

1901இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் ஒரு நிலையத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டு கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து அதை வாங்கினார்; 1904இல் தனி உரிமையாளர் ஆனார். அக்காலத்து மேல்தட்டு வாடிக்கையாளர் விரும்பியது ஓவியம் போன்ற படத்தை. கம் அச்சு முறை, சொரசொரப்பான தாள், மென்மையாகக் குழைந்த கோடுகள், முகச்சுருக்கங்களை மறைக்கும் திருத்தல் ஆகிய யாவற்றிலும் சாண்டர் தேர்ந்திருந்தார். கண்காட்சிகளில் பரிசுகளும் பெற்றார். பின்னாளில் இப்பாணியை அவர் கைவிட்டதை மட்டுமே வரலாறுகள் சிறப்பித்துக் கூறுகின்றன. ஆனால், தம்மிடம் வருபவர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதை அறிந்து பொறுமையுடன் காத்திருக்கும் பழக்கம் அவருக்கு லின்ஸ் நகரத்து வணிகப் பணியிலேயே வாய்த்திருக்க வேண்டும். கலைஞரின் வரலாற்றில் வாடிக்கையாளருக்குரிய பங்கை நாம் போதிய அளவு கணக்கில் கொள்வதில்லை.

மிதிவண்டியும் வெஸ்டர்வால்ட் சிற்றூர்களும்

1910இல் குடும்பம் கொலோனுக்குப் பெயர்ந்தது. லிந்தென்தால் பகுதியில் டூரனர் தெருவில் நிலையம் தொடங்கப்பட்டது. புதிய ஊரில் வாடிக்கையாளர் எளிதில் சேரவில்லை. எனவே வார இறுதிகளில் தொடர்வண்டியிலும் மிதிவண்டியிலும் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதிச் சிற்றூர்களுக்குச் சென்று உழவர் குடும்பங்களைப் படமெடுத்து வருவாய் தேடினார். அது அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள பகுதி. அம்மக்களின் பேச்சு அவருக்குத் தெரியும். நகரத்து நிலையத்தில் வரவு குறைந்ததே, அவருடைய பெருந்தொகுப்பின் முதற்படங்கள் தோன்றக் காரணமாயிற்று.

இப்படங்களின் ஆக்கமுறை குறிப்பிடத்தக்கது. முக்காலியில் நிறுத்திய பெரிய கேமரா, கண்ணாடித் தகடு, இயற்கை ஒளி, நீண்ட ஒளிபடு நேரம் என்பவையே கருவிகள். படம் பதியும்வரை அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால் படமெடுத்துக்கொள்பவர் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டார். கைகளை எங்கே வைப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்பதை அவரும் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை உடை, சமய நூல், கைத்தடி ஆகியவை அவரவர் வீட்டிலிருந்து வந்தவை. நிலையத்துத் திரைச்சீலைக்கு மாற்றாக வீட்டு வாசலும் காட்டோரமும் பின்புலம் ஆயின. இந்நேர்நிலையைக் கலைஞரின் கோட்பாடாக மட்டும் காண்பது பொருந்தாது. தம் ஒரே நல்ல படத்துக்காக நின்ற ஓர் உழவரின் தன்மதிப்பும் அதில் உள்ளது.

இவ்வாறு சிற்றூர்களில் எடுத்தவற்றுள் 12 படங்கள் பின்னர் ‘மூல அடைவு’ என்னும் பெயரில் முழுத் தொகுப்புக்கும் அடித்தளமாக வைக்கப்பட்டன. அவற்றின் தலைப்புகள் தொழிலைக் கூட அல்லாது குணத்தைச் சுட்டுகின்றன: மண்ணின் மனிதர், மெய்யியலார், புரட்சியாளர், ஞானி. முதிய உழவர் ஒருவர் தம் பேரப்பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்ட படம் இங்கு ஒரு மனித மூலப்படிவத்தின் சான்றாகிறது.

ஒரு நெகட்டிவ், இரண்டு அச்சுகள்

முதல் உலகப் போரில் சாண்டர் படைப்பணிக்குச் சென்றபோது மனைவி அன்னா நிலையத்தை நடத்தினார். நிலையம் அழியாமல் காத்த அப்பெண்மணியின் உழைப்பு வரலாறுகளில் ஒரு வரியுடன் முடிந்துவிடுகிறது.

1920களின் தொடக்கத்தில் ‘கொலோன் முற்போக்காளர்’ என்னும் இடதுசாரி ஓவியர் குழுவுடன் சாண்டருக்கு நட்பு ஏற்பட்டது. ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் சைவர்ட், ஹைன்ரிஹ் ஹேர்லே, கெர்ட் ஆர்ன்ட்ஸ் ஆகியோர் அக்குழுவினர். சமூகத்தை வகுப்புகளாகக் கண்டு, தனிமனிதச் சாயல் நீங்கிய எளிய உருவங்களாக வரைவது இவர்களது முறை. ஆர்ன்ட்ஸ் பின்னாளில் புள்ளிவிவரப் படக்குறிகளை வடிவமைத்துப் புகழ்பெற்றவர் என்பதை நினைவிற் கொண்டால் இக்குழுவின் நாட்டம் தெளிவாகும். இத்தொடர்பின் விளைவாகச் சாண்டர் தம் பழைய நெகட்டிவ்களை மீண்டும் எடுத்து, தொழில்நுட்பப் படங்களுக்குப் பயன்பட்ட வழவழப்பான தாளில், திருத்தல் ஏதுமின்றி அச்சிட்டுப் பார்த்தார். தோலின் துளைகளும் துணியின் இழைகளும் அப்படியே தெரிந்தன.

இவ்விடத்திலேயே அவருடைய இரு பணிகளின் உறவு வெளிப்படுகிறது. வாடிக்கையாளருக்குச் சென்ற அச்சும் தொகுப்புக்குச் சென்ற அச்சும் ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து பிறந்தவை. முன்னது அட்டையில் ஒட்டப்பட்டு, ஒருவரின் பெயரால் அறியப்பட்டு, உறவினர் கைகளில் உலவியது. பின்னது பெயர் நீங்கி, தொழிலாலோ சமூக நிலையாலோ குறிக்கப்பட்டு, ஓர் அடைவில் மற்றொரு படத்தின் அருகில் வைக்கப்பட்டது. எடுத்த கணத்தில் இல்லாத ஒரு பொருளைப் பிற்காலத்து அடுக்குமுறை தந்தது. திட்டம் உருப்பெற்ற பின் அதற்கெனவே தேடிச்சென்று எடுத்த படங்களும் உண்டு; வட்டக்காட்சிக் கலைஞர்கள், வேலையற்றோர், பார்வையற்ற சிறார் ஆகியோரின் படங்கள் அவ்வகையின. எனினும் அவற்றின் பார்வை முறையும் நிலையத்தில் பயின்றதே.

வகைப்பாடும் அதன் இடுக்குகளும்

1925இல் ஒளிப்பட வரலாற்றறிஞர் எரிஹ் ஷ்டெங்கருக்கு எழுதிய கடிதத்தில் சாண்டர் தம் திட்டத்தை விளக்கினார். உழவர், கைவினைஞர், பெண், சமூகநிலைகளும் தொழில்களும், கலைஞர், பெருநகரம், இறுதி மனிதர் என்னும் ஏழு பிரிவுகளும் அவற்றுள் ஏறத்தாழ 45 அடைவுகளும் வகுக்கப்பட்டன. மண்ணில் தொடங்கி நகரத்துக்கு உயர்ந்து, பின் நோயுற்றோர், இறந்தோர் எனச் சரியும் வட்டமாக அது அமைந்தது.

இவ்வகைப்பாடு வைமார் குடியரசின் தொழில்சார் சமூகத்தை முழுமையாகக் காட்டுவதாகக் கொள்ள இயலாது. அது பெரிதும் பழைய கைவினைக் குழுக்களின் உலகநோக்கைச் சார்ந்தது. பேராலைத் தொழிலாளர் அதில் குறைவு. பெண்களுக்குத் தனிப்பிரிவு இருந்தாலும் அதன் அடைவுகள் பலவும் மனைவி, தாய் என்னும் உறவுநிலைகளால் ஆனவை. இக்குறையை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். அவ்வளவில் நிறுத்தினால் படங்களுக்கு நீதி செய்தவர் ஆகமாட்டோம். 1928ஆம் ஆண்டு எடுத்த மாக்கலயம் ஏந்திய அடுமனைக்காரர், அதே ஆண்டில் தோளில் செங்கற்களைச் சுமந்து நிற்கும் கட்டடக் கூலியாள், 1931ஆம் ஆண்டு எடுத்த கொலோன் வானொலி நிலையச் செயலர் ஆகியோரின் படங்களைக் காண்பவர் முதலில் எதிர்கொள்வது வகையை அன்று. தம்மை நேராக நோக்கும் ஒரு தனி ஆளை. கூலியாளின் நிமிர்ந்த நோக்கு ‘கூலியாள்’ என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை.

தலைப்பு தவறாகவும் இருக்கலாம். சாண்டரின் படங்களுள் மிகப் பரவலாக அறியப்பட்டது 1914இல் எடுத்த ‘இளம் உழவர்கள்’. தொப்பியும் கைத்தடியுமாக நடனத்துக்குச் செல்லும் வழியில் மூன்று இளைஞர் திரும்பிப் பார்க்கும் படம் அது. அம்மூவரும் உழவைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்றும், அப்பகுதி இரும்புச் சுரங்கத்திலும் அதன் அலுவலகத்திலும் பணியாற்றியவர்கள் என்றும் பின்னாளைய தேடல்கள் காட்டின. அவர்களுள் ஒருவர் போரில் மாண்டார். சுரங்கத்தில் வேலைசெய்து வளர்ந்த ஒருவர் சுரங்கப் பணியாளரை உழவர் எனப் பெயரிட்டது வியப்பூட்டுகிறது. தொகுப்பின் முதற்பிரிவுக்கு இளமை தேவைப்பட்டது. படம் அதற்குப் பொருந்தியது. பெயர் நிலைத்திருந்தால் இவ்விடமாற்றம் அத்துணை எளிதாக நிகழ்ந்திராது.

‘காலத்தின் முகம்’ நூலும் அதன் அழிவும்

1927இல் கொலோன் கலைச்சங்கத்தில் திட்டத்தின் ஒரு பகுதி காட்சிக்கு வைக்கப்பட்டது. 1929இல் 60 படங்களுடன் ‘காலத்தின் முகம்’ என்னும் நூல் முன்னோட்டமாக வெளிவந்தது. முன்னுரை எழுதிய நாவலாசிரியர் ஆல்ஃபிரட் டேப்ளின் அதில் இறப்பு முகமூடிகளைப் பற்றிப் பேசுகிறார். மனித முகத்தின் தனித்தன்மையை மழுங்கச் செய்யும் ஆற்றல்கள் இரண்டு. ஒன்று சாவு, மற்றொன்று சமூகமும் வகுப்பும் என்பது அவரது வாதம். வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய ஒளிப்பட வரலாற்றுக் கட்டுரையில், அதிகார மாற்றங்கள் நெருங்கும் வேளையில் முகங்களைப் படிக்கும் பயிற்சிக்குரிய நிலப்படத் தொகுதி போன்றது இந்நூல் எனக் கருதினார். அதே ஆண்டில் சாண்டர் மேற்கு ஜெர்மன் வானொலியில் ஒளிப்படம் குறித்து ஆறு உரைகள் ஆற்றினார்.

முகத்தைப் படித்தல் அன்று ஆபத்தற்ற பொழுதுபோக்கு அன்று. ஹான்ஸ் குந்தர் 1922இல் வெளியிட்ட இனவியல் நூல் ஒளிப்பட முகங்களைக் கொண்டு ஜெர்மானியரை இனக்கூறுகளாகப் பிரித்தது. அது பதிப்புக்குமேல் பதிப்பாக விற்றது. எர்னா லெண்ட்வாய்-டிர்க்சன் ‘ஜெர்மானிய மக்களின் முகம்’ எனக் கிராமத்து முகங்களை நாட்டின் தூய வடிவாகப் போற்றினார். சாண்டரின் சொற்களிலும் முகத்தில் வாழ்வு எழுதப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கை உண்டு. ஆனால், அவர் நூலில் உழவரும் வங்கியாளரும் புரட்சியாளரும் வேலையற்றவரும் ஒரே ஒளியில், ஒரே தொலைவில் நிற்கின்றனர். 1936இல் நாஜி ஆட்சியின் கலைத்துறை அமைப்பு அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்து எஞ்சிய படிகளைப் பறிமுதல் செய்தது. நூலின் முகங்கள் ஆட்சியின் இலக்குக்குப் பொருந்தாமை ஒரு காரணமாகவும், மகன் எரிஹின் அரசியல் மற்றொரு காரணமாகவும் கூறப்படுகின்றன.

அடையாளப் படங்கள்

திட்டம் தடைபட்டாலும் நிலையம் மூடப்படவில்லை. சாண்டர் நிலக்காட்சிகளை எடுத்தார். வாடிக்கையாளரையும் தொடர்ந்து எடுத்தார். சீருடை அணிந்த நாஜிக் கட்சியினரும் எஸ்.எஸ். அதிகாரிகளும் இளம் படைவீரரும் வந்தனர். அவர்களுக்கும் அதே கேமரா, அதே ஒளி.

1938 சூலையில் யூதர் அனைவரும் ‘யூ’ எனக் குறியிட்ட அடையாள அட்டை பெற வேண்டுமென ஆணை பிறந்தது. படத்தில் இடக்காது தெரிய வேண்டும் என்பதும் விதி. அக்டோபரில் அவர்களது கடவுச்சீட்டுகளும் குறியிடப்பட்டன. நாட்டை விட்டு வெளியேற முயன்றோர்க்கும் படம் இன்றியமையாததாயிற்று. கொலோன் யூதர் பலர் சாண்டரிடம் படமெடுத்துக்கொண்டனர். ஒளிப்பட நிலையப் பணிகளுள் மிகச் சாதாரணமானது அடையாளப் படம். விதி கேட்டபடி எடுத்து, வெட்டி, கையில் கொடுத்தால் முடிந்தது. இப்படங்களைச் சாண்டர் அவ்வாறு எடுக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து முகத்தைச் சற்றே திருப்பியுள்ள அம்முதியவர்களும் பெண்களும் நோட்டரிக்கும் மருத்துவருக்கும் கிடைத்த அதே கவனத்தைப் பெற்றனர். காதை அளந்து மனிதரைப் பிரிக்க அரசு கேட்ட படம், ஒருவரின் மாண்பைப் பதித்த உருவப்படமாகவும் நின்றது. இதை எதிர்ப்புச் செயல் எனக் கூறுவது மிகை. அரசின் விதி நிறைவேறவே செய்தது; அப்படங்கள் குறியிட்ட அட்டைகளில் ஒட்டப்பட்டன. 1941 அக்டோபரில் கொலோனிலிருந்து லோட்ஸ் நகருக்கு நாடுகடத்தல் தொடங்கியது.

போருக்குப் பின் இவற்றிலிருந்து 12 படங்களைத் தெரிந்து ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்னும் அடைவாகப் பெருநகரப் பிரிவில் சேர்த்தார். ‘தேசிய சோசலிஸ்ட்’ என்னும் அடைவு சமூகநிலைகளின் பிரிவில் இடம்பெற்றது. இங்குத் தலைப்பின் இயல்பே மாறுகிறது. உழவர், அடுமனைக்காரர் என்பன ஒருவர் செய்வதைக் குறிக்கும் சொற்கள். துன்புறுத்தப்பட்டவர் என்பது அவருக்குப் பிறர் செய்ததைக் குறிப்பது. இன அடிப்படையில் வகுத்த அரசின் சொல்லை அவர் ஏற்கவில்லை. குற்றத்தைத் தலைப்பிலேயே வைத்தார். ஆயினும் பெயர் இங்கும் இல்லை.

அவர் குடும்பமும் இவ்வகைப்பாட்டிற்கு வெளியே நிற்கவில்லை. 1911இல் பிறந்த இரட்டையருள் ஒரு குழந்தை உயிர் நீங்கிய நிலையில், இரு குழந்தைகளையும் ஏந்திய அன்னாவை அவர் படமெடுத்தார். ‘இன்பத்திலும் துன்பத்திலும் என் மனைவி’ என்பது அதன் தலைப்பு. சோசலிசத் தொழிலாளர் கட்சியினரான மூத்த மகன் எரிஹ் 1934இல் கைதாகிப் பத்தாண்டுத் தண்டனை பெற்றார். சீக்புர்க் சிறையில் அவருக்கு ஒளிப்படக்காரர் வேலை தரப்பட்டது. தந்தையிடம் கற்ற தொழிலைக் கொண்டு உடன்கைதிகளின் உருவப்படங்களை எடுத்து மறைவாக வெளியே அனுப்பினார். தண்டனை முடிய ஆறு மாதமே இருந்த நிலையில், 1944 மார்ச்சில், குடல்வால் அழற்சிக்குச் சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். அவரெடுத்த படங்கள் ‘அரசியல் கைதிகள்’ என்னும் அடைவில் இடம்பெற்றன.

தீயும் எஞ்சியவையும்

போர்க்காலத்தில் சாண்டர் வெஸ்டர்வால்டின் குஹ்ஹவுசன் சிற்றூருக்குப் பெயர்ந்தபோது தமக்கு முதன்மையாகத் தோன்றிய ஏறத்தாழ 10,000 நெகட்டிவ்களை உடன் கொண்டுசென்றார். 1944இல் குண்டுவீச்சில் டூரனர் தெரு நிலையம் அழிந்தது. நிலவறையில் வைக்கப்பட்டிருந்த 25,000 முதல் 30,000 வரையிலான நெகட்டிவ்கள் குண்டுகளுக்குத் தப்பி, 1946இல் ஏற்பட்ட தீயில் எரிந்தன.

இவ்வெண்ணிக்கைகள் ஆய்வுமுறை சார்ந்து எண்ணத்தக்கவை. திட்டத்துக்கு வேண்டியவை தெரிந்தெடுக்கப்பட்டு மலைக்குச் சென்றன; எரிந்தவற்றுள் அன்றாட வாடிக்கைப் பணியின் பெரும்பகுதி இருந்திருக்கும் எனக் கொள்ளலாம். சாண்டர் ஒரே ஒரு பெருந்திட்டத்தின் ஆசிரியர் என இன்று நமக்குத் தோன்றுவதில் அத்தீக்கும் பங்குண்டு. எத்தனை திருமணங்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை கடவுச்சீட்டுப் படங்கள் அவர் கைவழிச் சென்றன என்பதைக் காட்டும் சான்று போய்விட்டது. வாடிக்கையாளரிடம் கொடுத்த அச்சுகள் குடும்பங்களில் சிதறிக் கிடக்கலாம். அங்கே அவற்றுக்குப் பெயர் இருக்கும், சாண்டர் என்ற பெயர் பெரும்பாலும் அட்டையின் ஓரத்தில் மட்டும்.

1951இல் கொலோனின் ஃபோட்டோகினா கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. எட்வர்ட் ஸ்டைகன் 1955ஆம் ஆண்டின் ‘மனிதக் குடும்பம்’ கண்காட்சியில் சிலவற்றைச் சேர்த்தார். சாண்டர் 1964 ஏப்ரல் 20 அன்று மறைந்தார். தொகுப்பு அவர் வாழ்நாளில் நூலாகவில்லை. இளைய மகன் குந்தர் 1980இல் 431 படங்களுடன் அதை வெளியிட்டார். 2002இல் கொலோன் ஒளிப்படச் சேகரிப்பு நிறுவனம் ஏழு தொகுதிகளில் 619 படங்களாக விரித்தது. ‘இறுதி மனிதர்’ பிரிவின் கடைசி அடைவில் எரிஹின் இறப்பு முகமூடிப் படம் உள்ளது. பெயர் நீக்கியே பழகிய தொகுப்பில், அதன் தலைப்பில் எரிஹ் சாண்டர் என்னும் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறது.

‘துன்புறுத்தப்பட்டோர்’ அடைவின் மனிதர்களைத் தேடும் பணியை ஆய்வாளர் பின்னர் மேற்கொண்டனர். 2018இல் பாரீஸ் ஷோவா நினைவகத்தில் நிகழ்ந்த கண்காட்சியில் நாஜியர், யூதர், அரசியல் கைதிகள் ஆகியோரின் படங்கள் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன. அடையாளம் காணப்பட்ட யூதரின் படங்களுடன் அவரவர் பெயரும், தப்பிச் சென்றாரா கொல்லப்பட்டாரா என்ற செய்தியும் சேர்க்கப்பட்டிருந்தன.